ரயிலில் பாடிய சிறுமி, லட்சம் ரூபாய் சம்பளம் கேட்ட இளம் விதவை... யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்?

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் ஓடும் ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள் கோயில் சாலையில்தான் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கான பிரிவும் இருக்கிறது. கிருத்திகை வந்தால் இந்தப் பக்கம் கூட்டம் தாங்காது. தமிழ்நாட்டில் முருகன் கோயில் எங்கே இருந்தாலும் விசேஷ நாளில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கட்டாயம் வரும். கணீரென்று, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன பிள்ளையைச் சமாதானப்படுத்தும் பாட்டியின் குரல்.

அந்தக் குரல் எல்லோருக்கும் தெரியும். அவ்வையார் வேஷம் போட்ட அம்மா என்றால் முகமும் ஞாபகம் வந்துவிடும். ஆனால் நெற்றி நிறைய விபூதியும் வெள்ளைப் புடவையுமாகத் திரையில் நின்ற அந்த அம்மாவுக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. சினிமாவில் பக்திப் பாட்டியாக மட்டுமே பார்க்கப்பட்ட கே.பி.சுந்தராம்பாள், தன் காலத்தில் தமிழ் மேடையின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். தன் சம்பளத்தைத் தானே சொன்னவர். எந்த வேஷம், எந்த உடை, யாரோடு நடிப்பது என்பதையும் தானே முடிவு செய்தவர். அதுவும் 1930-களில்.

அம்மா பெயரே இனிஷியல்

கே.பி. என்றால் என்ன? கே என்பது கொடுமுடி. இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் ஊர். பி என்பது பாலாம்பாள். அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர். 1908 அக்டோபரில் பிறந்த சுந்தராம்பாளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் எல்லாமே அந்த அம்மாதான். ஆண் துணை இல்லாமல் பிள்ளைகளை வளர்க்க பாலாம்பாள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன.

அந்தப் பெண்ணிடம் சொத்து என்று இருந்தது குரல் ஒன்றுதான். ரயிலில் பயணிகள் முன்னால் பாடிக் காசு வாங்கினாள். அப்படிப் பாடிக்கொண்டிருந்த பெண் நாடக மேடைக்கு எப்படி வந்தாள் என்பதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி.நடேச ஐயர் ரயிலில் அந்தக் குரலைக் கேட்டு அசந்துபோய் வழிகாட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. வேலு நாயர் நாடகக் கம்பெனியில் அவர் சேர்ந்ததும், நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக நடித்ததும் ஆரம்ப கால மேடை நினைவுகளாகச் சொல்லப்படுகின்றன. பசியைப் பாடுவதற்கு அந்தச் சிறுமிக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

மைக் இல்லாத மேடை

அந்தக் கால நாடகம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் சுந்தராம்பாளின் குரல் புரியும். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது. ஆர்மோனியம், மிருதங்கம் இரண்டும் பக்கத்தில். கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும். பிடித்துப்போனால் கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும். அதே பாட்டை மறுபடி பாட வேண்டும். அதுவும் போன தடவை மாதிரியே பாடினால் எடுபடாது.

இதில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு வகை. ஒவ்வொரு ஊரில் இருந்தும் நடிகர்கள் அன்றைக்கு அன்று வந்து சேருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்ததே இருக்காது. வள்ளி திருமணம் என்றால் வள்ளியும் வேலனும் மேடையிலேயே பாட்டால் தர்க்கம் செய்துகொள்வார்கள். எதிராளி என்ன பாடுவார் என்று தெரியாது, அந்த நிமிஷத்தில் பதில் சொல்ல வேண்டும். சுருதி, சாகித்யம், சமயோசிதம் மூன்றும் கைவசம் இல்லாதவர்கள் ஒரு ராத்திரிகூட தாக்குப்பிடிக்க முடியாது.

இந்த மேடையில்தான் சுந்தராம்பாள் ஐந்து கட்டை சுருதியில் நின்று பாடினார். தமிழ்நாட்டுக்கு வெளியே முதலில் கொடிகட்டிப் பறந்தது இலங்கையில். கொழும்பில் அவர் நாடகம் என்றால் டிக்கெட் கிடைக்காது என்ற அளவுக்குப் பெயர் வந்துவிட்டது.

கிட்டப்பா வந்தார்

அதே நேரத்தில் தமிழ் மேடையில் இன்னொரு பெயர் ஒலித்துக்கொண்டிருந்தது. செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா. சின்ன வயதிலிருந்தே மேடையில் இருந்தவர், கன்னையா கம்பெனி நாடகங்களில் ஊரையே மயக்கியவர். ஆண்கள் சாதாரணமாகத் தொட முடியாத உச்சத்தில் அலட்டிக்கொள்ளாமல் பாடக்கூடிய குரல்.

1926-ல் கிட்டப்பா கொழும்புக்குப் போனார். அந்தப் பெண்ணோடு மேடையில் நின்றால் உன் பாட்டு எடுபடாது என்று அவரைச் சிலர் பயமுறுத்தியதாக ஒரு பேச்சு உண்டு. நடந்தது வேறு. இரண்டு குரல்களும் மோதிக்கொண்டபோது கூட்டம் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அதன்பிறகு இந்த ஜோடியைப் பிரித்துப் பார்க்க ரசிகர்கள் தயாராக இல்லை. 1927-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இந்தக் கல்யாணம் சாதாரண விஷயம் இல்லை. கிட்டப்பா பிராமணக் குடும்பம், சுந்தராம்பாள் வேறு சமூகம். அதைவிடப் பெரிய சிக்கல், கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். மேடையில் எத்தனை ஆயிரம் பேர் கைதட்டினாலும் செங்கோட்டை வீட்டில் சுந்தராம்பாளுக்கு இடம் எது என்ற கேள்வி கடைசிவரை இருந்தது. பிறந்த ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. கிட்டப்பாவின் குடிப்பழக்கம், இடையில் நின்று பேசியவர்கள், சந்தேகம், கோபம் எல்லாம் சேர்ந்து இருவரும் விலகி இருந்த காலமும் வந்தது. இவர்களுக்கு இடையே போன கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. உருகும் அன்பும் ஊசி குத்தும் வருத்தமும் அடுத்தடுத்து வரும் கடிதங்கள் அவை. சினிமாவில் அழுத சுந்தராம்பாளைவிட கடிதத்தில் நியாயம் கேட்கும் சுந்தராம்பாள் ரொம்ப நேரடியானவர்.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு 27 வயதுதான். சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவைக்குப் பிறகு...

அந்தக் காலத்தில் 25 வயது விதவைக்கு சமூகம் வைத்திருந்த இடம் வீட்டின் பின்கட்டு. சுந்தராம்பாளும் முதலில் ஒதுங்கித்தான் போனார். நகைகளைக் கழற்றினார், வெள்ளைக் கதர்ப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார். அந்த முடிவைச் சாகும்வரை மாற்றவில்லை.

இதை மட்டும் வைத்துத்தான் பலரும் அவர் கதையை எழுதுகிறார்கள். கணவனை மறக்காத பத்தினி என்று கண்ணீரோடு முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அவர் வீட்டுக்குள் போனாரே தவிர வீட்டுக்குள்ளேயே இருந்துவிடவில்லை. வெள்ளைப் புடவையோடேயே வெளியே வந்தார், கச்சேரி மேடை ஏறினார். விதவை மேடை ஏறக் கூடாது என்று சொன்ன ஊர்தான் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தது. ஊர் போட்ட விதியில் பாதியை ஏற்றுக்கொண்டு மீதியை அவரே எழுதிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

லட்சம் ரூபாய் கதை

அப்போதுதான் சினிமா வந்து கதவைத் தட்டியது. பேசும் படம் தமிழில் ஆரம்பித்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. நந்தனார் கதையைப் படமாக எடுக்க ஆசைப்பட்ட தயாரிப்பாளர் ஹாசன்தாஸ், நந்தனாராகவே சுந்தராம்பாள் நடிக்க வேண்டும் என்று கேட்டார். பெண்கள் ஆண் வேஷம் கட்டுவது நாடக மேடையில் புதுசு இல்லை. ஆனால் அவருக்கு சினிமாவில் இஷ்டமில்லை. நேரடியாக மறுப்பதற்குப் பதில், ஓடிப்போகட்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார். ஒரு லட்சம் ரூபாய். தயாரிப்பாளர் ஓடவில்லை, சரி என்றுவிட்டார்!

ஒரு சவரன் தங்கம் முப்பது ரூபாய்க்கும் கீழே விற்ற காலம் அது. மூவாயிரம் சவரனுக்கு மேல் வாங்கக்கூடிய பணம். இந்திய சினிமாவிலேயே ஒரு படத்துக்கு லட்சம் ரூபாய் வாங்கிய முதல் கலைஞர் என்று சினிமா வரலாற்று நூல்கள் இவரைத்தான் குறிப்பிடுகின்றன. ஆண் நடிகர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சம்பள விஷயத்தில் ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் இருக்கும் இடைவெளி இன்றைக்கும் விவாதமாக இருக்கும்போது, 90 வருஷத்துக்கு முன் நடந்த பேரம் இது.

1935-ல் எம்.எல்.டாண்டன் இயக்கத்தில் நந்தனார் வெளிவந்தது. வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த நந்தனாரின் காலில் வேதியர் விழும் கட்டம் இந்தக் கதையின் உச்சம். படத்துக்கு எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. கல்கி தன் விமர்சனத்தில் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதில் அவர் கேலி பிரபலமானது, படத்தில் வந்த ஆடு மாடுகளுக்குக் கிடைத்த பாராட்டு மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த படம் மணிமேகலை, 1940-ல் வந்தது. அதுவும் பெரிதாகப் போகவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் திரைப்பக்கம் அவர் வரவில்லை.

காங்கிரஸ் மேடையில் ஒரு குரல்

சினிமா இல்லாத நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. நாடகக் கலைஞர்களின் பலத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்த காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி. அவரே நாடக மேடை ஏறியவர். அரசியல் கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேர் வர வேண்டும் என்றால் முதலில் ஒரு பாட்டு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 1937 தேர்தலில் சுந்தராம்பாளின் குரல் காங்கிரஸுக்கு ஓட்டுக் கேட்டது. தேசபக்திப் பாடல்கள் கிராமபோன் ரிகார்டுகளாக வீடுகளுக்குள் போயின. அந்தப் பாட்டுக்களைப் பாடுவது விளையாட்டு இல்லை. மேடையில் தேசியப் பாடல் பாடியதற்காகவே திரும்பத் திரும்பச் சிறைக்குப் போன விஸ்வநாத தாஸ் மாதிரி கலைஞர்கள் வாழ்ந்த காலம் அது.

காந்தி தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தார் என்றும், தங்கத் தட்டில் சாப்பாடு வைத்தபோது தட்டும் சேர்த்துத்தானே என்று காந்தி விளையாட்டாகக் கேட்க, அதையும் கொடுத்துவிட்டார் என்றும் ஒரு சம்பவம் கொங்கு நாட்டில் இன்றும் சொல்லப்படுகிறது.

விடுதலைக்குப் பிறகு 1950-களில் சட்ட மேலவை உறுப்பினராக ஆனார். எம்.ஜி.ஆர். மேலவைக்குள் வந்தது 1962-ல். சினிமாவில் இருந்து சட்டமன்றம் போவது தமிழ்நாட்டுக்குப் பழகிப்போன பாதை. அந்தப் பாதையில் முதலில் நடந்தது இந்த வெள்ளைப் புடவைப் பாடகிதான் என்பதை அரசியல் விவாதங்களில் யாரும் பெரிதாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அவ்வையார்... அப்புறம் எல்லாமே அவ்வையார்

1953-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் பிரமாண்டமாகத் தயாரித்த அவ்வையார் வெளியானது. இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. கோட்டையை யானைக் கூட்டம் இடிக்கும் காட்சிக்காகவே ஜனம் திரும்பத் திரும்பப் போனது. ஆனால் படத்தைத் தாங்கியது யானை இல்லை, சுந்தராம்பாளின் குரல். நாற்பதுகளின் நடுவில் இருந்தவர் தள்ளாத பாட்டியாக நடித்தார். அதோடு தமிழர்களுக்கு அவ்வையார் என்றால் இந்த முகம்தான் என்று ஆகிவிட்டது.

அவர் ஏற்ற வேஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நந்தனார் ஆண். மணிமேகலை துறவி. அவ்வையார் கிழவி. 1964-ல் கலைஞர் கருணாநிதி வசனத்தில் வந்த பூம்புகாரில் கவுந்தி அடிகள், சமணத் துறவி. 1973-ல் காரைக்கால் அம்மையாரில் இளம் வயதுப் பாத்திரத்தை லட்சுமி செய்ய, அழகை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிய பிறகான அம்மையாராக வந்தவர் சுந்தராம்பாள். ஒன்றில்கூட ஜோடி கிடையாது. யாருடைய மனைவியாகவும் காதலியாகவும் அவர் திரையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஹீரோ பக்கத்தில் நிற்காத ஒரு நடிகைக்காகத் தமிழ் சினிமா கதைகளைத் தேடிப்பிடித்து எடுத்தது. இன்றைக்கும் அரிதாக நடக்கும் விஷயம்.

பூம்புகாரில் நடிக்க அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். காரணம் சம்பளம் இல்லை, விபூதி. சமணத் துறவி விபூதி பூச மாட்டார், இவரோ விபூதி இல்லாமல் கேமரா முன் நிற்க மாட்டார். கடவுள் மறுப்பு இயக்கத்தில் வளர்ந்தவர் வசனம் எழுதிய படத்தில், தீவிர பக்தையை இளங்கோவின் பாத்திரமாக நடிக்க வைக்கப் பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது. கடைசியில் படம் வந்தது. கவுந்தி அடிகள் தனியாக நின்று பாடும் காட்சிகளை இப்போது பார்த்தாலும் பின்னணி இசையை யாரும் கவனிப்பதில்லை.

அந்தக் குரலில் அப்படி என்ன?

அமெரிக்காவில் சோல் இசை என்று ஒரு வகை உண்டு. கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டில் இருந்து கிளம்பி 1960-களில் உலகத்தையே ஆட்டிவைத்தது. அரேத்தா பிராங்க்ளின் டெட்ராய்ட்டில் அப்பா போதகராக இருந்த சர்ச்சில் பாடி வளர்ந்தவர். அங்கே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்கள். இழுப்பார்கள், உடைப்பார்கள், அழுவார்கள், கத்துவார்கள், கேட்பவர் எழுந்து நிற்கும்வரை அந்த வார்த்தை முடியாது.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது விருத்தம். தாளம் கிடையாது. பாடுபவர் இஷ்டத்துக்கு ஒரு சொல்லில் தங்கலாம், ராகத்தில் மேலே ஏறி இறங்கலாம். நல்ல சங்கீத வித்வான்கள் விருத்தத்தில் ராகத்தைக் காட்டுவார்கள். சுந்தராம்பாள் சொல்லைக் காட்டினார். நீட்டல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த வார்த்தையின் அர்த்தம் கரையாது. ழகரமும் ளகரமும் குழம்பாது. உச்சத்துக்குப் போகும்போது குரல் மெலியாமல் இன்னும் தடிக்கும். மைக் இல்லாத கொட்டகை கற்றுக்கொடுத்த பாடம் அது. மைக் வந்த பிறகும் அவர் கடைசி வரிசைக்குத்தான் பாடினார்.

ஒரு வித்தியாசம் உண்டு. அரேத்தா கோயிலில் ஆரம்பித்து கேளிக்கை மேடைக்குப் போனார். சுந்தராம்பாள் கேளிக்கை மேடையில் ஆரம்பித்துக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். வள்ளியாக வேலனோடு மல்லுக்கட்டிக் காதல் தர்க்கம் பாடிய அந்த இளம்பெண்ணின் நாடகம் எதுவும் படம்பிடிக்கப்படவில்லை. கிராமபோன் ரிகார்டுகள் ரசிகர்களின் சேகரிப்பில் கொஞ்சம் இருக்கின்றன, அவ்வளவுதான். இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பாட்டி சுந்தராம்பாள்.

அந்தப் பாட்டியின் உச்சம் 1965-ல் ஏ.பி.நாகராஜனின் திருவிளையாடல். கே.வி.மகாதேவன் இசை. படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம்தான். சிவாஜி நிறைந்திருக்கும் படத்தில் அந்தக் கொஞ்ச நேரமே ஊர் ஊராக ஒலிபெருக்கியில் தனி வாழ்க்கை வாழ்ந்தது. மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை என்று வரிசையாகப் படங்கள் வந்தன. தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் கொடுத்தது. தேவர் பிலிம்ஸின் துணைவன் படத்தில் பாடியதற்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ.

சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரான கொடுமுடியில் சினிமா தியேட்டர் கட்டினார். ஒருவேளைச் சோற்றுக்காகப் பாடிய ஊர்ப்பக்கத்திலேயே தன் பெயரில் ஒரு கொட்டகை. அதில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் பலருக்கு அந்த ரயில் கதை தெரிந்திருக்கும்.

கே.பி.சுந்தராம்பாள் 1980-ல் சென்னையில் காலமானார். கிட்டப்பாவுக்கு மனைவியாக இருந்தது ஆறு வருஷம். அவர் போன பிறகு வாழ்ந்தது 47 வருஷம். நந்தனார் முதல் தேசிய விருது வரை, தியேட்டர் முதல் சட்ட மேலவை வரை எல்லாமே அந்த 47 வருஷத்தில் நடந்தவைதான்.